தப்புக் கணக்கை அச்சில் ஏற்றிய மனிதர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் விடாமல் துரத்தினார். கவிதை வராது, ஜோக்கும் வராது, வேண்டுமானால் ஒரு ஆளைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆள் உயிரோடு இல்லை, 1953-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சினிமாக்காரரும் இல்லை, கிரிக்கெட்காரரும் இல்லை. ஆனால் நாளைக்கு மழை வரும், வராது என்று டி.வி.யில் சொல்கிறார்களே, அதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று முதன்முதலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர் அவர்தான். பெயர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். வானிலை படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். எனக்கு மூன்றாம் வருஷம் வரை தெரியாது. தெரிந்ததே எங்கள் புராஜெக்ட் சொதப்பியதால்தான்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்க ஊர் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில். ஊருக்கு வடகிழக்கே ஒரு கல் கிரஷர் இருக்கிறது. பெயர் வேண்டாம், எங்க மாமா இருபது வருஷமாக அங்கேதான் வேலை பார்க்கிறார். வீட்டில் அப்பத்தாவுக்கு இருமல். மார்கழி, தை வந்துவிட்டால் ராத்திரி பூரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்கும். கிரஷர் தூசிதான் காரணம் என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். வயசானால் இருமாமல் என்ன செய்யும் என்று மீதிப் பேர் சொல்வார்கள். மாமா இரண்டாவது கட்சி. ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட் என்று வந்ததும் நான் இதையே எடுத்துக்கொண்டேன். கிரஷரிலிருந்து கிளம்புகிற தூசி எந்தெந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகிறது, எங்கள் தெருவில் எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. எங்கள் பேட்ச் நாலு பேரும் சரி என்றார்கள்.

இதற்கு ஒரு ஃபார்முலா உண்டு. காற்றோடு புகை எப்படி விரிந்து போகும் என்று சொல்கிற ப்ளூம் ஃபார்முலா, என்விரான்மென்டல் பேப்பரில் எல்லோரும் மனப்பாடம் செய்வோமே, அதேதான். மேலே தூசியின் அளவு. கீழே காற்றின் வேகம், பக்கவாட்டு விரிவு, மேல்கீழ் விரிவு. காற்று வேகமாக அடித்தால் தூசி நீர்த்துப் போகும். சுலபம்தான். ஆனால் மார்கழி மாதம் விடிகாலையில் எங்கள் அனிமாமீட்டர் அசையவே இல்லை. வேகம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாதே! நண்பன் ஒருவன் புத்திசாலித்தனமாக 0.01 என்று போட்டான். வினாடிக்கு 2 கிராம் தூசி, 100 மீட்டர் தூரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கன மீட்டர் காற்றில் கிட்டத்தட்ட 7 கிராம் தூசி என்று விடை வந்தது. நம் நாட்டில் பிஎம் 10 தூசிக்கு 24 மணி நேர வரம்பு 100 மைக்ரோகிராம். எங்கள் விடை அதைப்போல் எழுபதாயிரம் மடங்கு! அது நிஜமானால் கிரஷர் பக்கத்தில் மனிதர்கள் இல்லை, சிமென்ட் பொம்மைகள்தான் நின்றுகொண்டிருக்கும்.

அந்த வரிசையை மட்டும் அழித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வைவாவில் யார் கேட்கப் போகிறார்கள்? இன்னொரு பக்கம் மனசில் ஒரு சபலம். இந்த எண்ணை அப்படியே ஊரில் காட்டினால் கிரஷரை மூடியே தீர வேண்டும் என்று கூட்டம் கூடிவிடும். அப்புறம் மாமா வேலைக்கு எங்கே போவார்? அழிப்பதா, காட்டுவதா என்று முழித்துக்கொண்டிருந்த என்னை எங்கள் கைடு சார் பார்த்தார். திட்டவில்லை. இதைவிடப் பெரிய தப்புக் கணக்கைப் போட்ட ஒருத்தர் இருக்கார், அவரைப் பற்றிப் படிச்சுட்டு வந்து அழிக்கிறதானா அழி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரிச்சர்ட்சன் 1881 அக்டோபர் 11-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்கக் கூடாது, யுத்தத்தில் சேரக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1903-ல் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தார். அதற்கப்புறம் பத்து வருஷம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. தேசிய இயற்பியல் ஆய்வகம், ஒரு கரிநிலக் கம்பெனி, ஒரு பல்பு கம்பெனியின் ஆய்வகம், மான்செஸ்டரில் தொழில்நுட்பக் கல்லூரி என்று மாறிக்கொண்டே இருந்தார். நம்ம அப்பா அம்மாவாக இருந்தால் ஒரு வேலையில் ஒழுங்காக இருக்கத் தெரியாதா என்று கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கரிநிலக் கம்பெனியில்தான் அவருக்கு வாழ்க்கைக்கே வேண்டிய சாவி கிடைத்தது. சதுப்பு நிலத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் எங்கே வெட்டுவது என்பது அங்கே பிரச்சினை. தண்ணீர் ஓடுகிற சமன்பாடு தெரியும். ஆனால் கோணல்மாணலான நிலத்துக்கு அதைத் தீர்க்க முடியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டத்தோடு என்ன வித்தியாசம் என்று வெறும் கூட்டல் கழித்தலாக மாற்றினார். கால்குலஸ் போயிற்று, கணக்கப்பிள்ளை போதும்!

இதே முறையில் கல் அணை ஒன்றின் உள்ளே அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டு 1910-ல் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். நம்ம மேட்டூர் அணைக்கு வேலையே தொடங்காத காலம் அது. எண்களைப் போட்டுக் கொடுக்கப் பையன்களைக் கூலிக்கு வைத்தார். எத்தனை எண் போட்டாயோ அத்தனைக்குக் கூலி, தப்பாகப் போட்டால் கூலி கிடையாது. பள்ளிபாளையத்துத் தறிக்கூலி மாதிரிதான். அந்த ஆராய்ச்சியைக் காட்டி கேம்பிரிட்ஜில் தன் பழைய கல்லூரியிலேயே ஒரு ஆய்வாளர் பதவி கேட்டார். கிடைக்கவில்லை. இன்றைக்கு அணை, பாலம், லாரி சேஸிஸ் எதை வடிவமைத்தாலும் கம்ப்யூட்டர் உள்ளே பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் பார்க்கிறது. அந்த வழியில் முன்னால் நடந்தவர்களில் ஒருவருக்கு அன்றைக்கு வாசலைச் சாத்திவிட்டார்கள்.

1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. உடனே இவர் படகில் ஏறி, விசில் ஊதி, எதிரொலியைப் பிடிக்கக் காதுக்குப் பின்னால் குடையை விரித்து வைத்துச் சோதனை செய்தார். துடுப்புப் போட்டது அவர் மனைவி டோரத்தி. பனிமலையை எதிரொலியால் கண்டுபிடிக்கும் அந்த யோசனைக்கு அதே வருஷம் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். இப்படிப்பட்ட ஆள்.

1913-ல் வானிலைத் துறையில் வேலை கிடைத்தது. ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்முயர் என்ற மழை கொட்டும் இடத்தில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளர். அங்கே உட்கார்ந்துதான் கரிநிலத்தைக் கட்டம் போட்ட மாதிரி காற்று மண்டலத்தையும் கட்டம் போட்டால் என்ன என்று யோசித்தார். பூமியைச் சதுரங்கப் பலகை மாதிரி பிரித்தார். ஒவ்வொரு கட்டமும் சுமார் 200 கிலோமீட்டர். உயரத்தில் ஐந்து அடுக்கு. சேலமும் நாமக்கல்லும் ஏற்காடும் கொல்லிமலையும் எல்லாம் சேர்ந்து அவருடைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது காற்றழுத்தம், காற்று வேகம், வெப்பம், ஈரம் என்ன என்று தெரிந்தால், சில மணி நேரம் கழித்து என்ன ஆகும் என்று கணக்கிடலாம். அதுவரை வானிலை சொல்வது என்றால் பழைய வரைபடங்களைப் புரட்டி, இதே மாதிரி முன்னே எப்போது இருந்தது என்று பார்த்துச் சொல்வதுதான். கிட்டத்தட்ட நம்ம ஊர்ப் பெரியவர்கள் ஈசல் பறப்பதைப் பார்த்து மழை சொல்வது மாதிரி. (பெரியவர்கள் அதிகம் தப்பவில்லை என்பது வேறு விஷயம்.)

இந்த நேரத்தில் முதல் உலக யுத்தம். கொள்கைப்படி துப்பாக்கி எடுக்க மாட்டார். ஆனால் மற்றவர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது மலைமேல் உட்கார்ந்து மழையை அளக்கவும் மனசு வரவில்லை. 1916-ல் வேலையை விட்டுவிட்டு, குவேக்கர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் படையில் டிரைவராகச் சேர்ந்தார். பிரான்சில் போர்முனையில் அடிபட்டவர்களை ஏற்றி இறக்குவது வேலை. குண்டு விழுகிற ரோட்டில், ராத்திரியில், விளக்கைப் போடாமல்.

வேலை இல்லாத நேரத்தில் கணக்கு. குளிரில் ஒரு தங்குமிடத்தில் வைக்கோல் குவியல்தான் மேஜை. 1910 மே 20-ஆம் தேதி காலை 7 மணிக்கு ஐரோப்பாவில் எடுத்த அளவுகள் அவரிடம் இருந்தன. அதை வைத்து ஆறு மணி நேரம் கழித்து மத்திய ஐரோப்பாவில் இரண்டு இடத்தில் என்ன ஆகும் என்று பார்ப்பது. ஆறு மணி நேரத்து வானிலையைக் கணக்கிட அவருக்கு ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. கால்குலேட்டர் இல்லை, ஸ்லைடு ரூலும் லாகரிதம் டேபிளும்தான்.

விடை? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் கூடும் என்று வந்தது. நண்பர்களே, சாதாரண நாளில் மொத்த அழுத்தமே 1013 தான். நிஜத்தில் அன்றைக்கு அங்கே ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அப்படியே இருந்தது. பெரும் புயலில்கூட ஆறு மணி நேரத்தில் இவ்வளவு மாற்றம் வராது. எங்கள் 7 கிராம் தூசிக்கு அண்ணன் இது.

இதோடு முடியவில்லை. 1917-ல் ஷாம்பேன் சண்டையின்போது கையெழுத்துப் பிரதியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பின்னால் அனுப்பினார்கள். அது காணாமல் போய்விட்டது. பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது. நானாக இருந்தால் கரியோடு கரியாக எரிந்து போகட்டும் என்று விட்டிருப்பேன். அவர் அதை எடுத்துத் துடைத்து, திருத்தி, 1922-ல் கேம்பிரிட்ஜில் புத்தகமாகப் போட்டார். அந்த 145 மில்லிபாரோடு! கணக்கை மறைக்கவில்லை, ஒரு தசமப் புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. விடை தப்பு, காரணம் தொடக்க அளவுகளில் இருக்கும் என்று தன் சந்தேகத்தையும் சேர்த்து எழுதினார். மொத்தம் 750 பிரதிதான் அச்சிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கற்பனையும் எழுதியிருந்தார். உருண்டையான ஒரு பிரம்மாண்ட அரங்கம். உள் சுவர் பூராவும் உலகப் படம். அந்தந்த நாட்டுப் படத்துக்கு முன்னால் கணக்குப் போடும் ஆட்கள், மொத்தம் 64,000 பேர். நடு மேடையில் ஒருத்தர் நின்று, முந்திப் போகிறவர்கள் மேல் சிவப்பு விளக்கும் பிந்துகிறவர்கள் மேல் நீல விளக்கும் அடித்து, எல்லோரையும் ஒரே வேகத்தில் ஓட்டுவார். இன்றைக்கு சூப்பர் கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான பிராசஸர்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து வேலை செய்வது இதே மாதிரிதான்.

தப்பு எங்கே என்பது பல காலம் கழித்துத்தான் முழுசாகப் புரிந்தது. முறை சரி, தொடக்க எண்கள்தான் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. காற்றும் அழுத்தமும் பொருந்தாததால் கணக்குக்குள் பொய்யான அலைகள் கிளம்பிவிட்டன. அயர்லாந்துக்காரரான பீட்டர் லிஞ்ச் என்ற வானிலையாளர் அதே 1910 மே 20 அளவுகளை எடுத்து, தொடக்க எண்களை மட்டும் சமன் செய்துவிட்டு, அதே முறையில் மறுபடி போட்டுப் பார்த்தார். 145-க்குப் பதில் ஒரு மில்லிபாருக்கும் குறைவான மாற்றம் வந்தது. ரிச்சர்ட்சன் அந்த எண்ணை அழித்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

யுத்தம் முடிந்து திரும்ப வானிலைத் துறையில் சேர்ந்தார். 1920-ல் அந்தத் துறையை விமான அமைச்சகத்தோடு சேர்த்தார்கள். விமானப் படையும் அதே அமைச்சகம்தான். யுத்தத்தோடு சம்பந்தப்பட்ட இடத்தில் சம்பளம் வாங்க மாட்டேன் என்று ராஜினாமா. லண்டனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தப் போனார். கையில் ஆய்வகம் கிடையாது. ஆனால் காற்றை விடவில்லை.

இங்கேதான் அவர் நம்ம தூசிக்குள் வருகிறார்.

மார்கழி விடிகாலையில் சேலம் பக்கம் பஸ்ஸில் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். வடக்கே சேர்வராயன் மலை, நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஊர் ஒரு வாணலிக்குள் இருக்கிற மாதிரி. தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே இருக்கிற காற்று அதைவிட வெதுவெதுப்பு. வாணலிக்கு மூடி போட்ட மாதிரி. சூளைப் புகை மேலே எழும்பாமல் துணி விரித்த மாதிரி படுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் மூடி விலகும். காற்று எப்போது கலங்கும், எப்போது கலங்காமல் படுத்துக் கிடக்கும்? குளிர்ந்த கனம் அமுக்குகிறது. மேலுக்கும் கீழுக்கும் காற்று வேகம் வித்தியாசப்பட்டால் அது கலக்குகிறது. இந்த இரண்டில் எது ஜெயிக்கிறது என்று பார்க்க 1920-ல் ஒரு விகிதம் கொடுத்தார். ரிச்சர்ட்சன் எண் என்றே அதற்குப் பெயர். இன்றைக்கும் மாசு பரவலைக் கணக்கிடும்போது காற்று கலங்குமா, படுக்குமா என்று பார்க்க இந்த எண்ணைத்தான் தேடுகிறார்கள்.

அடுத்தது இன்னும் அழகு. ஒரு புகைத் திரள் எவ்வளவு வேகமாக விரியும்? முதலில் எல்லோரும் அதற்கு ஒரே ஒரு மாறிலி இருக்கும் என்று நினைத்தார்கள். சிகரெட் புகைக்கு அளந்தால் ஒரு எண், ஊர்ப் புகைக்கு அளந்தால் பல்லாயிரம் மடங்கு, எரிமலைச் சாம்பலுக்கு அளந்தால் அதையும் தாண்டி. மாணவர்கள் தப்பாக அளந்தார்களோ என்று தோன்றும். ரிச்சர்ட்சன் இல்லை என்றார். காற்றில் பெரிய சுழல் உண்டு, அதற்குள் சின்னச் சுழல், அதற்குள் இன்னும் சின்னது. புகைத் திரளைவிடப் பெரிய சுழல் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போகும், பிய்க்காது. அதன் அளவில் உள்ள சுழல்தான் பிய்க்கும். திரள் பெரிசாகப் பெரிசாக, அதைப் பிய்க்கத் தகுந்த சுழல்களும் பெரிசாகும். அதனால் விரியும் வேகமும் ஏறும். அட்டை கட்டிய பொம்மை பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எங்கெங்கே போய் விழுந்தன என்ற தகவலையும் எடுத்துக்கொண்டார். மில்லிமீட்டருக்கும் குறைவான அளவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் வரை எல்லாவற்றையும் ஒரே கிராஃபில் போட்டார். ஒரே கோடு! இடைவெளி 8 மடங்கானால் பரவுதிறன் 16 மடங்கு. 1926-ல் வந்த இந்த நாலுக்கு மூன்று விதியை அளவுக்கு அளவு தாவுகிற மாசுக் கணக்கின் அஸ்திவாரம் என்றே சொல்லலாம். அதே வருஷம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அப்போதுதான் அந்த அடி விழுந்தது. காற்றில் ஒரு பொருள் எப்படிப் பரவும் என்ற அவர் ஆராய்ச்சியை அதிக ஆர்வத்தோடு கேட்டு வந்தவர்கள் யார் தெரியுமா? விஷவாயு நிபுணர்கள். யுத்தத்தில் குளோரினும் கடுகு வாயுவும் என்ன செய்தன என்பதை ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெளியிடாமல் கையில் வைத்திருந்த ஆராய்ச்சிகளை அழித்துவிட்டு, வானிலை ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார். அவர் மனைவி பிற்பாடு இதை எழுதி வைத்திருக்கிறார். தப்பான கணக்கை அச்சிட்ட அதே கை சரியான கணக்கைக் கிழித்தது.

அவர் நிறுத்தியதால் வேலை நின்றுவிட்டதா? இல்லை. பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். சட்டன், பாஸ்குவில் என்று நம்ம பாடத்தில் வரும் பெயர்கள் இரண்டும் அங்கே வேலை பார்த்தவர்கள். நாங்கள் தூசிக்குப் பயன்படுத்திய ப்ளூம் ஃபார்முலா விஷவாயு எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்த ஆட்களின் கையைத் தாண்டித்தான் நம்மிடம் வந்திருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ராத்திரிக் குளிர் காற்றில் தரையோடு தரையாக ஊர்ந்தபோது, அது எந்தத் தெருவுக்குப் போகும் என்று சொல்லவும் இதே கணக்குதான் வேண்டியிருந்தது. ரிச்சர்ட்சன் கிழித்தது சரியா? எங்கள் பேட்ச்சில் இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். நான் எந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு மாசுக் கணக்கு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு புகைபோக்கியைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்றால் ப்ளூம் ஃபார்முலா போதும். புகைபோக்கி உயரத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறதே: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு என்ற எண்ணை 0.3 அடுக்குக்கு உயர்த்தி 14-ஆல் பெருக்கு. மணிக்கு 100 கிலோ என்றால் சுமார் 56 மீட்டர். ஆனால் உயரமாகக் கட்டினால் மாசு தொலைந்து போவதில்லை, தூரமாகப் போகிறது, அவ்வளவுதான். மேட்டூர் அனல் மின்நிலையம் பழைய 840 மெகாவாட்டும் புதிய 600-ம் சேர்த்து 1,440 மெகாவாட். அந்தப் புகை உயரத்தில் கிளம்பி, போகிற வழியில் வாயு நுண்துகளாக மாறி, நூறு இருநூறு கிலோமீட்டர் தாண்டியும் இறங்கும். அதற்கு ப்ளூம் ஃபார்முலா உதவாது. ரிச்சர்ட்சனின் சதுரங்கப் பலகைதான் வேண்டும். பெரிய கட்டத்தில் நாடு முழுக்கக் கணக்கிடுவார்கள். அந்த விடையை ஓரத்தில் ஊட்டி, உள்ளே சின்னக் கட்டத்தில் மாவட்டத்தை, அதற்குள் இன்னும் சின்னக் கட்டத்தில் ஊரைக் கணக்கிடுவார்கள். மரப்பாச்சிக்குள் மரப்பாச்சி மாதிரி.

அப்புறம் அந்த மாசு வரைபடத்தின் மேல் ஜனத்தொகை வரைபடத்தை வைத்து, இத்தனை மைக்ரோகிராம் கூடினால் இருதய நோயும் நுரையீரல் நோயும் எவ்வளவு கூடும் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்லும் எண்ணால் பெருக்குவார்கள். ஊருக்கு ஊர் அளக்கும் கருவி இல்லாத நாட்டில் இதைத் தவிர வழியில்லை. கருவி அளவு, செயற்கைக்கோள், இப்படிப்பட்ட கணக்கு மூன்றையும் சேர்த்துத்தான் 2019-ல் இந்தியாவில் சுமார் 16.7 லட்சம் சாவுக்குக் காற்று மாசு காரணம் என்று மதிப்பிட்டார்கள். அதில் எங்க அப்பத்தா மாதிரி ராத்திரி உட்கார்ந்து தூங்குகிறவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். அவர்கள் இன்னும் இருக்கிறார்களே.

ரிச்சர்ட்சன் 1929-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி டெக்னிக்கல் காலேஜுக்கு பிரின்சிபால் ஆனார். ஆமாம், நம்ம காலேஜ் மாதிரி ஒன்றுக்குத்தான். உலகமே மதிக்கிற விஞ்ஞானி, எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் இல்லை. தொழில் படிக்க வந்த பையன்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டும் ஆபீஸ் ஃபைல் பார்த்துக்கொண்டும் இருந்தார். அந்த வருஷம்தான், ஐம்பதை நெருங்கும் வயசில், சைக்காலஜியில் ஒரு டிகிரியும் முடித்தார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்! 1940-ல் அந்த வேலையையும் விட்டார். நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்று காற்றைக் கணக்கிட்ட மாதிரியே கணக்கிட ஆரம்பித்து, கடைசி வரை அதிலேயே மூழ்கிவிட்டார். அந்தப் புத்தகங்கள் அவர் செத்த பிறகு 1960-ல்தான் ஒழுங்காக அச்சாகின.

1950-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு முதன்முதலாகப் பலித்தது. ஒரு நாள் வானிலையைக் கணக்கிட ஒரு நாள் ஆனது. விடையை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார்கள். தன் கணக்கு பொய்த்த இடத்தில் அடுத்தவர்கள் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுப் பாராட்டி எழுதினார். மூன்று வருஷம் கழித்து, 1953 செப்டம்பர் 30-ல், தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஒன்றை விட்டுவிட்டேன். 1948-ல், அறுபத்தாறு வயசில், ஸ்டோமெல் என்ற அமெரிக்க இளைஞரோடு ஒரு கடற்கழியில் முள்ளங்கி மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கைத் துண்டு போட்டு மிதக்கவிட்டு, இரண்டிரண்டு துண்டுகள் எப்படி விலகுகின்றன என்று அளந்தார். ஏன் கிழங்கு? அது முக்கால்வாசி முழுகியே மிதக்கும், காற்று தள்ளாது. வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியும். செலவு காலணா. அவருடைய பழைய விதி தண்ணீரிலும் வந்தது.

இதைப் படித்துவிட்டுக் கை சும்மா இருக்குமா? கார்த்திகையில் மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயில் தண்ணீர் ஓடியபோது நாங்களும் இறங்கினோம். முதலில் கடலைத் தோல் போட்டோம். காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் தென்னங்குரும்பை. அது நன்றாக முழுகி மிதந்தது. ஒரு சாண் இடைவெளியில் ஜோடி ஜோடியாக விட்டு, கரையோடு ஓடி ஓடி அளந்தோம். பல ஜோடி புல்லில் மாட்டிக்கொண்டது. சில ஜோடி ஒட்டிக்கொண்டே போய், ஒரு முழம் விலகியதும் சட்டென்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. கிராஃப் போடும் அளவுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. மாடு குளிப்பாட்ட வந்த பெரியவர், ஏனப்பா படிக்கிற பசங்க குரும்பையைத் தொரத்தறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார்.

புராஜெக்ட் ரெக்கார்டில் அந்த 7 கிராம் வரிசையை அழிக்கவில்லை. பக்கத்திலேயே எழுதிவிட்டோம்: காற்று நின்றுவிட்டால் இந்த ஃபார்முலா செல்லாது, இது எங்கள் தப்பு, இந்த எண்ணை யாரும் நம்ப வேண்டாம். காற்று உள்ள மணி நேரங்களுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டோம். ஆடிக்காற்றில் தூசி எங்கள் தெருவை விட்டு விலகிக் கிழக்கே போகிறது. மார்கழி, தையில் மெல்லிய வடகிழக்குக் காற்றில் நேராக எங்கள் தெருவுக்கு வருகிறது. அதுவும் விடிந்து எட்டு மணிக்கு முன்னால்தான் அதிகம். அந்த இரண்டு மாதம் எட்டு மணிக்கு மேல் கிரஷரை ஓட்டினால், ஜல்லிப் பாதையில் தண்ணீர் தெளித்தால், எவ்வளவு குறையும் என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறோம். மூடவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம்.

அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். தப்பு என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, இதை ஏன்டா எழுதினே என்று கேட்டார். சொன்னேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மறுவாரம் வைவா. மாமா முதலாளியிடம் காட்டினாரா என்று இன்னும் கேட்கவில்லை.